தெற்குச் சுவரில் ஓர் ஆணி

பாளையம்பட்டி போகிற ரோட்டில் பருத்தி மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்று இருக்கிறது. பருத்தி போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. இப்போது அதில் படம் மாட்டுகிறார்கள். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ரிட்டயரான டிராயிங் சார் ஒருவரை முன்னால் விட்டு, வெள்ளையடித்து, விளக்குப் போட்டு அதைக் கலைக்கூடம் ஆக்கினார்கள். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஒருவர் படங்கள் தொங்கும். பிறகு அவற்றைக் கழற்றிவிட்டு அடுத்தவர் படங்களை மாட்டுவார்கள்.

திறப்பது, பூட்டுவது, கூட்டுவது எல்லாம் நான்தான். ஆனால் கூட்டுகிற அம்மா என்று யாராவது சொன்னால் திருத்திவிடுவேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. எந்தச் சுவர் ஆணியைத் தாங்கும், எந்தச் சுவரில் காரை உதிரும் என்று என்னைக் கேட்காமல் டிராயிங் சார்கூடச் சுத்தியலை எடுக்கமாட்டார். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிற அட்டையையும் அப்படித்தான் வாசிப்பேன். அவசரமாக வாசிக்கிறவர்களைவிட எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கும்.

அங்கே இன்னும் பஞ்சு இருக்கிறது. உத்தரத்தில் எங்கேயோ ஒட்டிக்கிடப்பது, காற்றடித்தால் ஒவ்வோர் இழையாக இறங்கி வந்து சட்டங்களின்மேல் உட்காரும். தினமும் துடைக்கிறேன். மறுநாள் காலையில் மறுபடி இருக்கும். யார் காட்டில் விளைந்த பருத்தியோ, எந்த வருசத்துப் பஞ்சோ.

முகங்கள் தொங்குகிற மாதங்களில் காலையில் ஒரு தரம் இருமிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். ஆள் இருக்கிற வீட்டுக்குள் அப்படித்தானே நுழைகிறோம். படங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவை தொங்கின இடமெல்லாம் சுவரில் சதுரம் சதுரமாக வெளுப்புத் தெரியும். வெளுப்பு மட்டும் இருக்கிற நாட்களிலும் இருமுவேன்.

போன பங்குனியில் மதுரையிலிருந்து ஒரு பெண் வந்து, தான் எடுத்த போட்டோக்களை மாட்டினாள். எல்லாம் நம் கரிசல்காட்டுச் சனங்கள். பந்தல்குடி ரோட்டில் லாரிக்கு டயர் மாற்றுகிறவர், பள்ளிவாசல் பக்கம் கடை போட்டிருக்கிற பாய், மல்லிக்காட்டில் குனிந்து நிற்கும் பெண்கள். எல்லாமே கறுப்பு வெள்ளை. தெற்குச் சுவரில் ஒரே ஒரு படம் வைத்தாள். சீமைக்கருவேல் விறகை அடுக்கி, மண் பூசி, கரி எடுப்பதற்குக் கரிமூட்டம் போட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு வயசாளி, வலது கையைப் பிடரியில் வைத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து நிற்கிறார். முகத்தின் இடதுபாதியைப் புகை மூடியிருந்தது. அட்டையில் ‘கரிமூட்டம், பரளச்சி’ என்று வாசித்தேன்.

விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டேன். அது என் தம்பி நிற்கிற நிலை.

தம்பிக்கு அப்போது இருபது வயது. பெற்ற அய்யா நாலு பேருக்கு முன்னால் அவன்மேல் செருப்பைக் கழற்றினார். அவன் பிடரியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சைக்கிளை எடுத்தான். அவ்வளவுதான். திருச்சுழியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், தூத்துக்குடியில் மூட்டை தூக்குகிறான் என்று இன்னொருவர் சொன்னார். போய்ப் பார்த்தால் அங்கே இருக்கமாட்டான். அவனுடைய பள்ளிக்கூடத்துப் போட்டோ ஒன்று இருந்தது. அம்மா சாகும்வரை அதற்குப் பொட்டு வைக்க யாரையும் விடவில்லை. பொட்டு வைத்தால் இல்லை என்று நாமே சொன்னதாகிவிடும், அப்புறம் அவன் எப்படி வருவான் என்பாள். அம்மா படத்துக்கு மாலை போட்டேன், பொட்டு வைத்தேன். பக்கத்தில் தம்பி படம் வெறும் நெற்றியோடு இருக்கிறது. நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிறது.

பரளச்சிக்குப் பஸ் இருக்கிறது. ஏறினால் போய்விடலாம். நான் போகவில்லை. போய், அவன் இல்லை என்று தெரிந்துவிட்டால் படத்தில் இருக்கிறவனும் போய்விடுவான் என்று நினைத்தேன். சரிபார்க்க ஓர் அடையாளம் உண்டு. சின்ன வயதில் கருவேல முள் இழுத்து அவனுடைய இடது காது மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. படத்தில் அந்தப் பக்கம் புகை. தினமும் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் அங்கே போய் நிற்பேன். கண்ணாடியைத் துடைத்தால் புகை விலகும் என்று நினைக்கிற அளவுக்கு நான் புத்தி கெட்டவள் இல்லை. ஆனாலும் மற்றப் படங்களை ஒரு தரம் துடைத்தால் அதை மூன்று தரம் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் கூடத்துக்குப் பொட்டு வைப்பது என் வழக்கம். வாசல் நிலை, கரண்டுப் பெட்டி, கிட்டங்கிக் காலத்திலிருந்து நிற்கிற பெரிய இரும்புத் தராசு. சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டே போவேன். ஒரு வெள்ளிக்கிழமை அப்படி முடித்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது.

தெற்குச் சுவருக்கு முன்னால் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டிராயிங் சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“எங்கய்யா கல்லுக்குண்டாட்டம் உசுரோட இருக்காக. யாரு இந்தப் பொட்ட வச்சது?”

நிமிர்ந்து பார்த்தேன். படத்தில் புருவத்துக்கு நடுவே, கண்ணாடியின்மேல், சந்தனம். அதன்மேல் குங்குமம். கறுப்பும் வெள்ளையுமாக இருந்த அந்தக் கூடம் முழுவதிலும் அது ஒன்றுதான் சிவப்பு.

இங்கே அப்படி யாரும் செய்யமாட்டார்கள், சாவி என்னிடம் இருக்கிறது, நான் பொறுப்பு என்று நிமிர்ந்தே சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மோதிர விரலைப் பார்த்தேன். அதில் குங்குமம் காய்ந்திருந்தது. தராசுக்கு வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு மரத்தடியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

“நான்தான் தாயி வச்சிருக்கேன். தெரிஞ்சு வைக்கல.”

“தெரியாம எப்பிடிப் பெரியம்மா வைக்க முடியும்? பொட்டு என்ன பறந்து வந்து ஒட்டுச்சா?”

அவள் கேட்டது நியாயம்தான். எனக்கு அவள் அய்யாவைப் பற்றிக்கூட அப்போது பயம் வரவில்லை. நாற்பது வருசம் கட்டிக்காத்ததை என் கையே முடித்துவிட்டதே, தம்பியை நானே அனுப்பிவிட்டேனே என்றுதான் நினைத்தேன். அவளுடைய அய்யா எங்கே என்று கேட்டேன். எதிரில் டீக்கடையில் இருப்பதாகவும், தன் மூஞ்சியைத் தானே போய்ப் பார்க்க வெட்கம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னாள்.

ரோட்டைத் தாண்ட வேண்டியதுதான். அந்த ரோடு அன்றைக்கு எனக்கு ரொம்ப அகலமாக இருந்தது. மகள் எனக்கு முன்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் போய் நின்றபோது அவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். இரண்டு காதும் அதற்குள்.

“ஏக்கா, எனக்குப் பொட்டு வச்சீகளாமே. மால எங்க?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா என்று ஊரில் யார் வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். தம்பிக்கு இப்போது ஆகியிருக்கும் வயதில் ஒரு குரல் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது இல்லை. யாரிடமும் எதையும் கேட்டு நின்று எனக்குப் பழக்கம் கிடையாது. அன்று கேட்டேன்.

“தம்பி, அந்தத் துண்டக் கொஞ்சம் எடுங்களேன்.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு மெதுவாக அவிழ்த்தார். தலையை நான் பார்க்கும்படி திருப்பிக்கூடக் காட்டினார். இடது காது முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“இல்லையாக்கா?” என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். யாரை நினைத்து வைத்தேன் என்று கேட்டார், தம்பியை என்றேன். இருக்கிறாரா என்றார், தெரியாது என்றேன். மகள் அதுவரை இருந்த கோபத்தை விட்டுவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர் எழுந்தார். செத்தவன் பொட்டைச் செத்தவன் அழிக்க முடியாது, நான் இருக்கிறேன், நானே வந்து அழிக்கிறேன் என்றார்.

உள்ளே வந்து படத்தின் பக்கத்தில் நின்றார். பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தால் அவருக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. நின்றவர் அவளுடைய அய்யா. கண்ணாடிக்குள் புகையில் நின்றவன் அப்போதும் என் தம்பியாகத்தான் இருந்தான். துண்டின் நுனியை எச்சிலால் நனைத்து அவர் நெற்றியைத் துடைத்தார். குங்குமம் முதலில் இழுவிப் பரவியது. படத்தில் முகம் பாதி சிவந்துவிட்டது.

“ஓரத்துல இன்னும் இருக்கு தம்பி. நல்லாத் தொடைங்க.”

அவர் மறுபடியும் துடைத்தார். ஒரு துளி இல்லாமல் போகும்வரை நான் விடவில்லை.

படங்களைக் கழற்றிய அன்று மதுரைப் பெண் அந்தப் படத்தை அவர்களுக்கே கொடுத்துவிட்டாள். பரளச்சியில் ஒரு வீட்டில் பொட்டில்லாமல் தொங்குகிறது. என் வீட்டிலும் பள்ளிக்கூடத்துப் போட்டோ வெறும் நெற்றியோடுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வாசல் நிலையோடு நிறுத்திக்கொள்கிறேன். குங்குமக் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோவதில்லை.

அதற்கு அடுத்து பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்கள் வந்தன. மயில், பஸ், மழை. டிராயிங் சார் தெற்குச் சுவர் ஆணியில் மயிலை மாட்டப் போனார். அந்தச் சுவர் உதிர ஆரம்பித்துவிட்டது, இனி எதையும் தாங்காது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையும் சுவரையும் பார்த்துவிட்டுச் சுத்தியலை வைத்துவிட்டார்.

சுவர் உதிரவில்லை. அந்த வெளுப்பு அப்படியே இருக்கிறது. காலையில் இருமிவிட்டுத்தான் திறக்கிறேன்.