டானிக்காரர் வீட்டு மேடம்

மருந்துக்கடையில் மாமா நிற்கும் இடத்துக்குப் பின்னால் குழந்தைகளுக்கென்று ஓர் அலமாரி உண்டு. மேல் தட்டில் சொட்டு மருந்துகள், அதற்குக் கீழே சிரப்புகள், கண்ணுக்கு நேராகப் பாலில் கலக்கும் சத்துப்பொடி டப்பாக்கள். அடித்தட்டில், குழந்தைகள் தாங்களே எட்டி எடுத்துவிடும் உயரத்தில், கரடி வடிவ வைட்டமின் மிட்டாய்கள். “அந்தத் தட்டு மட்டும் என் யோசனை இல்ல, முதலாளியோடது” என்பார் மாமா.

மாமா என் அக்காவின் கணவர். பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு அந்தக் கடைக்குப் பெட்டி தூக்க வந்தவர். டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கப் பழகி, மெல்ல மெல்லக் கவுண்டருக்கு ஏறினார். சீட்டு பார்த்து மருந்து கொடுக்க, முறையாகப் படித்த மருந்தாளர் ஒருவர் அங்கே இருக்கிறார். சீட்டு இல்லாமல் கவலையை மட்டும் கொண்டுவருகிறவர்கள் மாமாவிடம் வருவார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். டானிக்காரர் என்பது அவர்கள் வைத்த பெயர்.

“ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான் சார்.”

“ஒண்ணுமேன்னா?”

“ஒண்ணுமேதான்.”

“அப்புறம் இவ்வளவு சத்தமா எதை வெச்சும்மா அழறான்?”

அந்த அம்மா சிரித்துவிடுவாள். இடுப்பில் இருக்கும் பையன் அழுகையை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் டானிக்.

அவருடைய சொந்த மகளிடம் இந்த வித்தை எதுவும் செல்லவில்லை.

அவளுக்கு அப்போது இரண்டரை வயது. வீட்டில் அவளை மேடம் என்று கூப்பிடுவோம். தட்டு எதிரே வந்ததும் உயர் அதிகாரி போல ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு ஒற்றை விரலால் தட்டைத் தள்ளுவாள். சோறு, பருப்பு, முட்டை, கேரட், எல்லாவற்றுக்கும் அதே விரல்தான்.

“என்ன ஆச்சு?” என்று அக்கா கேட்டால், “மனு தள்ளுபடி” என்பார் மாமா.

ரொட்டியின் ஓரம் வேண்டாம், நடு வேண்டும். பிஸ்கட் உடைந்திருந்தால் அது பிஸ்கட்டே இல்லை. வாழைப்பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் அன்றைய பொழுது போச்சு. மாமா கடையிலிருந்து ஆரஞ்சு சுவை, சாக்லேட் சுவை, ஸ்ட்ராபெரி சுவை என்று ஒவ்வொரு டானிக்காகக் கொண்டுவந்து பார்த்தார். மேடம் டானிக்கைத் துப்பிவிட்டு அது வந்த அட்டைப்பெட்டியைத் தின்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூலையைக் கடித்து, ஊறவைத்து, நிதானமாக மென்று விழுங்குவாள்.

“பாத்தீங்களா? டானிக்கு நல்லா இல்ல. பெட்டி நல்லா இருக்கு” என்றாள் அக்கா.

“கம்பெனிக்கு எழுதிப் போடலாம்” என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தோம்.

மாடி வீட்டு அம்மா சிரிக்கவில்லை. “மூக்கைப் பிடிச்சா வாய் தானாத் திறக்கும். ரெண்டு நாள் பிடிங்க, மூணாவது நாள் தானா வரும். டானிக் விக்கிறவர் வீட்டுப் பிள்ளை இப்படிக் குச்சியா இருந்தா, வாங்குறவங்க என்ன நினைப்பாங்க?” என்று படியில் நின்று சொன்னார்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வேறொரு நாள், தானாகவே என்னிடம் சொன்னார்: “சின்ன வயசுல எனக்கு அப்படித்தான் ஊத்துவாங்க, பட்டதாரி. ஒருத்தர் காலு, ஒருத்தர் மூக்கு. ஊத்தினது மருந்தா கஞ்சியான்னுகூட இப்போ ஞாபகம் இல்ல. பிடிச்ச கைதான் ஞாபகம் இருக்கு. என் பிள்ளைக்கு என் கை அப்படி ஞாபகம் இருக்கக்கூடாது.”

பட்டதாரி என்பது நான். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள். வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டு அவர்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தேன். நான் படித்தது புள்ளியியல். ஆனாலும் குழந்தைக்குச் சளி பிடித்தால், குழாயில் தண்ணீர் வராவிட்டால், “படிச்சவ நீ சொல்லு” என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு எதுவும் தெரியாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் நினைப்பேன். அவர்கள் பெருமையைக் கெடுக்க மனம் வராமல் ஏதாவது சொல்லிவைப்பேன்.

அக்கா ஆடைத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு. விடிவதற்குள் கிளம்பி மாலையில் வருவாள். மாமாவின் வேலை மதியத்தில் தொடங்கும். அதனால் காலையில் மேடம் மாமாவின் பொறுப்பு, மதியம் என் பொறுப்பு, மாலையிலிருந்து அக்காவின் பொறுப்பு. கை மாறும்போது ஒரே கேள்விதான்: “சாப்பிட்டாளா?” பதிலும் ஒன்றுதான்: “ஏதோ கொஞ்சம்.”

அந்த மழைக்காலத்தில் அவள் நடப்பது குறைந்தது. பொம்மையைத் தரையில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அக்கா அவள் கையைக் கழுவும்போது உள்ளங்கையைத் திருப்பித் தன் உள்ளங்கையோடு வைத்துப் பார்த்தாள். “ஏங்க, இங்க வாங்க. இது என்னங்க இவ்வளவு வெளுப்பு?”

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். நர்ஸ் ஊசியை எடுத்ததும் மேடம் வில்லாக வளைந்தாள். இரண்டு பேர் பிடித்தும் முடியவில்லை. “அப்பா, நீங்க கையைப் பிடிங்க. அசையாம பிடிங்க” என்றாள் நர்ஸ். மாமா பிடித்தார். குழந்தை ஊசியைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தையே பார்த்து அலறியது. வீடு திரும்பும்போது அவர் கை நீட்டினார். அவள் என் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை அவரிடம் போகவில்லை.

பரிசோதனைத் தாளைப் பார்த்த குழந்தைகள் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். வளவளவென்று பேசாத பெண்மணி. “ரத்தத்துல இரும்புச்சத்து ரொம்பக் குறைவா இருக்கு. மண்ணு, சுண்ணாம்பு, காகிதம்னு ஏதாவது திங்குறாளா?”

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“டானிக் பெட்டி” என்றார் மாமா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

“இரும்பு குறைஞ்சா அப்படித் தோணும். சரி, பால் எவ்வளவு குடிப்பா?”

“காலையில ஒரு புட்டி கொடுப்பேன் டாக்டர்” என்றார் மாமா. “சாப்பிடலைன்னா பாவமா இருக்கும், இன்னொண்ணு. பொடி கலந்துதான்.”

“நான் மதியம் ஒண்ணு கொடுப்பேன்” என்றேன் நான். “தூங்குறப்ப ஒண்ணு.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீயும் கொடுக்கிறியாடி? நான் வந்ததும் கொடுக்கிறேனே! ராத்திரி படுக்கறப்பவும் கொடுக்கிறேனே!”

“நீ கொடுக்கறது எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ கொஞ்சம் சாப்பிட்டான்னுதானே சொல்லுவ?” என்றார் மாமா.

“நீங்க மட்டும் என்ன சொன்னீங்களாம்?”

“வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுங்க” என்றார் டாக்டர். அவர் உதட்டோரம் துடித்தது. “இவ ஒண்ணும் சாப்பிடாம இல்ல. நாள் பூரா குடிச்சுக்கிட்டே இருக்கா. வயிறு நிரம்பி இருக்கிறவ எதுக்குச் சாப்பிடணும்? பால்ல இரும்பு கிடையாது. மத்த சாப்பாட்டுல இருக்கிறதையும் அது உடம்புல சேர விடாது.”

ஒரு பிள்ளையின் வாய் நம் கையை மறுத்துவிட்டால் ஏன் அவ்வளவு அவமானமாக இருக்கிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மூன்று பேரும் தோற்ற பிறகு புட்டியை எடுத்தோம். தோற்றதை அடுத்தவரிடம் சொல்லப் பிடிக்காமல், ‘ஏதோ கொஞ்சம்’ என்றோம். கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கூட்டிப் பார்க்கத்தான் எனக்குப் பட்டமே கொடுத்திருந்தார்கள்.

டாக்டர் முறையைச் சொன்னார். புட்டி கூடாது, கோப்பையில்தான் பால், அதுவும் நாளைக்கு இரண்டே கோப்பை. வீட்டில் இருக்கும் டானிக்கையும் பொடியையும் நிறுத்த வேண்டும். ஒன்றில் இருக்கும் வைட்டமினே இன்னொன்றிலும் இருக்கும், எல்லாம் சேர்ந்தால் அளவு மீறும். இரும்புச் சொட்டு மருந்து மட்டும், பாலோடு சேர்க்காமல், ஆரஞ்சுச் சாறு கொடுத்து. “ஒரு மாசம் பாக்கலாம். அப்பவும் ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து நரம்பு வழியா ஏத்த வேண்டியிருக்கும்.”

“அதுக்கு எவ்வளவு நேரம் பிடிச்சுக்கணும் டாக்டர்?” என்று கேட்டார் மாமா.

எதற்குக் கேட்கிறார் என்று டாக்டருக்குப் புரிந்திருக்காது. எங்களுக்குப் புரிந்தது.

முதல் வாரம் வீடு வீடாக இல்லை. மேடம் சமையலறை வாசலில் படுத்து, காலை உதைத்து, பால், பால் என்று அழுதாள். தட்டையும் தள்ளினாள். இரண்டாம் நாள் காலை மாமா கையில் பொடி டப்பாவும் கரண்டியுமாக நின்றதைப் பார்த்தேன்.

“ஒரே ஒரு புட்டி, பட்டதாரி. பாதி போதும்.”

“கடைக்கு வர்ற அம்மா இப்படிக் கேட்டா என்ன சொல்வீங்க மாமா?”

“கடையில நான் நல்லாத்தான் சொல்வேன். அங்க அழறது அடுத்தவங்க பிள்ளை.”

கரண்டியை மேடையில் வைத்தார். பிறகு அலமாரியிலிருந்த புட்டிகளை எல்லாம் எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார். “கடையில வெச்சுடறேன். இங்க இருந்தா நானே கலக்கிடுவேன். உங்க அக்காவும் சும்மா இருக்க மாட்டா” என்று சொல்லிவிட்டு, நேரமானதும் கிளம்பினார். ராத்திரி அவர் சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது கடையே சிரித்ததாம். முதலாளி, “யோவ், டிபன் எங்கய்யா?” என்று கேட்டிருக்கிறார். டிபன் வீட்டிலேயே இருந்தது.

சொட்டு மருந்து வேறொரு கதை. மாமா முதலில் தானே நக்கிப் பார்த்தார். “ஆணியை நக்கின மாதிரி இருக்கு. இதைத் துப்பலைன்னாதான் ஆச்சரியம்.” மூக்கைப் பிடிக்கச் சொல்லி யாரும் வாயெடுப்பதற்குள், சொட்டுக்குழாயை மேடத்தின் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் முதலில் பொம்மைக்கு ஊற்றினாள். பிறகு அப்பாவுக்கு. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அன்று முதல்முறையாகச் சிரித்தாள். “இப்போ மேடத்துக்கு” என்றார். யோசித்தாள். இன்னொரு முறை அப்பாவுக்கு ஊற்றினாள். அதற்குப் பிறகு, அளந்து வைத்திருந்த மருந்தைக் கன்னத்துக்குள் விட அனுமதித்தாள். தினமும் இதே சடங்கு. பிறகு அப்பாவின் பங்குக்குக் குழாயில் வெறும் தண்ணீர்தான் நிரப்பினோம், ஆனால் முகத்தை அவர் மாற்றவில்லை.

குழந்தையின் மலம் கறுத்ததைப் பார்த்து அக்கா பதறிக்கொண்டு கடைக்கு போன் செய்தாள். “இரும்புன்னா கறுப்பாத்தான் போகும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?” என்றாராம். அப்படிச் சொன்னவர் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் விசாரித்தார்.

ஒருநாள் மதியம் மாமா கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பருப்புச் சோறு, பாதி வெட்டிய அவித்த முட்டை. மேடம் வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டைப் பார்த்தாள். முட்டையின் மஞ்சளில் விரலை விட்டுத் தோண்டி, வாயில் வைத்தாள்.

மாமா வாயில் இருந்ததை மெல்வதை நிறுத்திவிட்டார்.

இன்னொரு விரல் மஞ்சள். அடுத்து ஒரு சோற்றுப்பருக்கை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றாள். அவர் பையில் போன் அடித்தது. முதலாளி. நான் எடுக்கப் போனேன். கண்ணாலேயே வேண்டாம் என்றார். அடித்து அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. மேடம் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெள்ளைக்கருவை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள். மஞ்சள் முழுவதும் போனது. சோற்றிலும் ஒரு மூலை போனது. இறங்கி நடந்து போய்விட்டாள்.

“நாம பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டாளோ?” என்றார் மாமா, கிசுகிசுப்பாக.

“பசிச்சிருக்கும் மாமா.”

“ஆமால்ல” என்றார். அப்படி ஒன்று இருப்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

அதற்காக மேடம் ஒரேயடியாக மாறிவிடவில்லை. கேரட் இன்றும் தள்ளுபடிதான். கீரையைப் பருப்புக்குள் ஒளித்தால் கண்டுபிடித்துவிடுவாள். முட்டை மஞ்சள், பருப்புச் சோறு, நசுக்கிய கோழிக்கறி, ஆரஞ்சு. இந்த நான்கும் அப்பாவின் தட்டிலிருந்து எடுத்தால் மட்டுமே செல்லும். தனித்தட்டு வைத்தால் தொடமாட்டாள். அதனால் மாமா வேளாவேளைக்குத் தரையில் உட்கார்ந்து, தன் தட்டைப் பற்றிக் கவலையே இல்லாதவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகினார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாமா முந்தின நாளிலிருந்தே மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: ஊசி குத்தும், வலிக்கும், அப்பா மடியில் வைத்துக்கொள்வேன், உடனே முடிந்துவிடும். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஊசி ஏறியபோது அழுதாள். அழுதுகொண்டே அவர் சட்டையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் ஏறணும். சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க.”

“அப்போ ஆஸ்பத்திரியில...” என்று இழுத்தார் மாமா.

“வேண்டாம்.”

“நரம்பு வழியா...”

“வேண்டாம்னுதான் சொல்றேன்.”

வெளியே வந்ததும் மாமா அக்காவுக்கு போன் போட்டார். அவள் எடுத்ததும் போனை என் கையில் திணித்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“என்னடி? என்னாச்சு? சீக்கிரம் சொல்லு.”

“ஏறியிருக்குக்கா. சேர்க்க வேண்டாமாம்.”

பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. “சரி” என்றாள். “சூப்பர்வைசர் பாக்கிறா. வெச்சுடறேன்.”

வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மாமா திரும்பி வந்து போனுக்காகக் கை நீட்டினார்.