ஏரோப்ளேன் ராட்டினமும் என் சிவப்புக் கோடும்

ராட்டினத்தை ஓட்டுறது பெரிய வித்தை ஒண்ணும் இல்லீங்க. ஏறியே தீருவேன்னு அழுற பிள்ளையை, ஏத்தியே தீரணும்னு நிக்கிற அப்பா அம்மா முன்னாடி, கீழ நிறுத்தி வைக்கிறதுதான் வேலை.

அந்த வேலையை நான் எட்டு வருஷம் பார்த்தேன். ஐம்பதுகளோட கடைசியில சேர்ந்தது. அப்பெல்லாம் சிங்கப்பூர்ல சாயங்காலம் ஆச்சுன்னா குடும்பம் குடும்பமா கேளிக்கைப் பூங்காவுக்குத்தான் போவாங்க. மேடை நாடகம், மல்யுத்தம், மீ கோரெங் நூடுல்ஸ் கடை, எல்லாம் ஒரே வேலிக்குள்ள. அதுல ஒரு மூலை பிள்ளைங்களுக்கு. குட்டி ரயில், குதிரை ராட்டினம், ஏரோப்ளேன் ராட்டினம், இந்த மூணும் என் பொறுப்பு. ஏரோப்ளேன்னா சங்கிலியில தொங்குற தகர ஏரோப்ளேன். ஆள் உயரத்துக்கு மேல எழும்பிச் சுத்தும். பிள்ளையை உட்கார வெச்சு முன்னாடி ஒரு இரும்புக் கம்பியை மாட்டுவோம். பாதுகாப்புன்னா அது ஒண்ணுதான். ரொம்பச் சின்னப் பிள்ளையா இருந்தா அந்தக் கம்பிக்குக் கீழ வழுக்கிடும்.

எனக்கு முன்னாடி இருந்த ஆள் ஒரு பிள்ளையை அப்படித்தான் தவற விட்டுட்டார். பிள்ளைக்குக் கை சுளுக்கினதோட போச்சு, அவருக்கு அன்னைக்கே வேலை போச்சு. அதனால நான் சேர்ந்த மறுநாளே ராட்டினத்துப் படிக்கட்டுப் பக்கத்துத் தூண்ல, மூணரை அடி உயரத்துல, சிவப்புப் பெயின்டால ஒரு கோடு போட்டேன். தலை கோட்டைத் தொட்டா ஏரோப்ளேன், தொடலைன்னா குட்டி ரயில். நீங்களும் என்னைக்காவது பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு, இதுல ஏத்தலாமா அதுல ஏத்தலாமான்னு முழிச்சிருப்பீங்க. எதிர்ப்பக்கம் நின்னவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்க.

கேட்டுல ரெண்டரை, தூண்ல ஆறு

மூணு வயசுக்குக் கீழே இருந்தா பூங்காவுக்குள்ள வர டிக்கெட் வேண்டாம். ஒரு ஞாயித்துக்கிழமை நான் கேட்டு ஓரமா நின்னு தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தேன். ஒரு அம்மா வந்தாங்க. பையனை இடுப்புல தூக்கி வெச்சிருக்காங்க, அவன் கால் ரெண்டும் அவங்க முழங்காலுக்குக் கீழ தொங்குது. “ரெண்டரை வயசு”ன்னு கேட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. நான் தேத்தண்ணியை முடிச்சிட்டுத் தூணுக்கு வந்தா, அதே அம்மா, அதே பையன், இப்போ கீழ இறங்கி ஜம்முனு நிக்கிறான்.

“வயசு என்னம்மா?”ன்னேன். “ஆறு முடிஞ்சிருச்சு, ஏரோப்ளேன்ல ஏத்துங்க”ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோபம்! “இப்பத்தானே கேட்டுல ரெண்டரைன்னு சொன்னீங்க?”ன்னு கேட்டுட்டேன். அந்த அம்மா கண்ணைக் கூடச் சிமிட்டலை. “கூட்டத்தைப் பார்த்தீங்கல்ல? கேட்டுல இருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை வளர்ந்துருச்சுலா!”

முடி இறக்கினதால வந்த வம்பு

துறைமுகத்துல வேலை பார்த்த ஒருத்தர் மாசம் தவறாம மகனைக் கூட்டிட்டு வருவார். பையனுக்குக் காடு மாதிரி சுருட்டை முடி. தூண்ல நிறுத்தினா கோட்டைத் தொடும், ஏறுவான், சுத்துவான், சிரிச்சிக்கிட்டே இறங்குவான். தைப்பூசம் கழிஞ்சு ஒரு நாள் வந்தாங்க. வேண்டுதலை நிறைவேத்தி, பையனுக்கு மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்துச்சு. வழக்கம் போலத் தூண்ல நிறுத்துறேன், கோட்டுக்கு ரெண்டு விரல்கடை கீழ நிக்கிறான்!

அப்பத்தான் எனக்கு உறைச்சது. இத்தனை மாசமா நான் அளந்தது முடியை. ஏதாவது ஆகியிருந்தா? அன்னைக்கு முதல் எந்தப் பிள்ளை வந்தாலும் உள்ளங்கையால தலையை நல்லா அமுக்கிட்டுத்தான் அளப்பேன். கொண்டை, ரிப்பன், கனகாம்பரம் எதுக்கும் தயவு கிடையாது. ஆனா பையனோட அப்பாவை எப்படிச் சமாதானப்படுத்துறது? பையன் உதட்டைப் பிதுக்கிட்டான். அவர் இடுப்புல கையை வெச்சுக்கிட்டுச் சத்தம் போட்டார். “நான் முருகனுக்குக் கொடுத்தது முடியைத்தான்யா, என் பிள்ளையோட உயரத்தையா கொடுத்தேன்?”

பல்லைக் காட்டுற குதிரை

கூட்டம் இல்லாத ஒரு புதன்கிழமை, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் வந்தார். ஏதோ ஆபீஸ்ல பெரிய கிளார்க். வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில ரெண்டு பேனா. கூட நாலு வயசு மகள். மூணு ராட்டினத்தையும் சுத்தி வந்து, ஒவ்வொண்ணுலயும் வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவுன்னு கேட்டு ஒரு தாள்ல குறிச்சுக்கிட்டார். கடைசியில குதிரைதான் ஆபத்து இல்லாததுன்னு முடிவு பண்ணினார்.

நான் தாளைப் பார்க்கலை, பிள்ளையோட கையைப் பார்த்தேன். என் அனுபவத்துல, அப்பாவோட ஒரு விரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பிள்ளை எதுலயும் தைரியமா ஏறும். கால்சட்டைத் துணியைக் கசக்கிப் பிடிச்சிருக்கிற பிள்ளைக்குக் குட்டி ரயிலே அதிகம். இது துணியைக் கசக்கிப் பிடிச்சிருந்துச்சு. “ஐயா, ரயில்ல ஏத்துங்க”ன்னேன். அவர் கேட்கலை. குதிரைகிட்டக் கொண்டு போனார். அந்தக் குதிரைக்கு வாயைப் பிளந்து, பெரிசு பெரிசாப் பல் செதுக்கி வெச்சிருப்பாங்க. பிள்ளை அந்தப் பல்லைப் பார்த்து வீல்னு ஒரு கத்துக் கத்துச்சு பாருங்க, மல்யுத்தம் பார்த்துக்கிட்டு இருந்தவங்க எல்லாம் திரும்பிட்டாங்க.

அப்புறம் ரயில்தான். அதுலயும் தனியா உட்கார மாட்டேன்னுடுச்சு. அவரும் முழங்காலைத் தாடையில முட்டுக் கொடுத்து ஒடுங்கி உட்கார்ந்தார். பிள்ளைக்கு ரயில் பிடிச்சுப் போச்சு, ஏழு சுத்து! இறங்கும்போது அவருக்கு நிமிர முடியலை, நான்தான் கை கொடுத்தேன். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே சொன்னார்: “தம்பி, பிள்ளைக்கு எது பொருத்தம் எண்டு கேட்டனான், எனக்கு எது பொருத்தம் எண்டு கேக்க மறந்து போனன்.”

தவுக்கேயோட புதுச் சப்பாத்து

எங்க முதலாளி சீனர். தவுக்கேன்னு கூப்பிடுவோம். அவருக்கு என் கோட்டைக் கண்டாலே ஆகாது. வரிசையில நிக்கிற பத்துப் பிள்ளையில நாலைத் திருப்பி அனுப்பினா எந்த முதலாளிக்குத்தான் பிடிக்கும்? சீனப் புத்தாண்டு ரெண்டாம் நாள், கூட்டம் நெரியுது. கோட்டை ஒரு சாண் இறக்குன்னார். “நீங்களே பெயின்ட் அடிச்சு இறக்குங்க, நான் மாட்டேன்”னு சொல்லிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டுல மனைவி, ஒரு குழந்தை, மாச வாடகைன்னு எல்லாம் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும்.

தவுக்கே பெயின்ட் அடிக்கலை. தன்னோட சிநேகிதர் பேரனை, கோட்டுக்குக் கீழ நின்னவனை, தானே தூக்கி ஏரோப்ளேன்ல வெச்சார். மோட்டாரை ஓட்டுற ஹாசான் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். ரெண்டாவது சுத்துலயே பையன் வழுக்க ஆரம்பிச்சான். மூக்கு கம்பிக்கு நேரா வந்துடுச்சு. ஹாசான் மெதுவா நிறுத்தி இறக்கினார். பையன் நேரா தவுக்கேகிட்ட ஓடி, அன்னைக்குத் தின்ன அத்தனை ஆரஞ்சையும் அவர் கால்ல போட்டிருந்த புதுச் சப்பாத்து மேல வாந்தி எடுத்துட்டான்.

தவுக்கே கைக்குட்டையால துடைச்சார். அப்புறம் கடைத்தெருவுல எல்லாரும் பேசுற பாசார் மலாயில நிதானமாச் சொன்னார். நான் தமிழ்ல சொல்றேன்: “கோடு அப்படியே இருக்கட்டும். ஆனா இனிமே அது உன் கோடு. ஒரு பிள்ளை விழுந்தாலும் உனக்கு இங்க வேலை இல்லை.”

பச்சைப் பட்டுப் பாவாடை

என் மகள் வசந்தாவுக்கு அப்போ அஞ்சு வயசு. வயசுக்கு மீறின வாய், வயசுக்குக் குறைஞ்ச உயரம். வாரா வாரம் அம்மாவோட பூங்காவுக்கு வருவா, தூண்ல நிப்பா, மூணு விரல்கடை குறையும், குட்டி ரயிலுக்குப் போவா. வீட்டுல காலையில எழுந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுத் தொங்குவா. வளர்றதுக்காம்!

அந்தத் தீபாவளிக்கு மச்சான் கோலாலம்பூர்ல இருந்து பச்சைப் பட்டுப் பாவாடை அனுப்பியிருந்தார். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, அதைக் கட்டிக்கிட்டு வந்து நின்னா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. “அடடா, என் பொண்ணு வளர்ந்துட்டாளே!”ன்னேன். எந்த அப்பன்தான் சொல்ல மாட்டான்?

சாயங்காலம் எனக்கு வேலை. தீபாவளிக்கு நம்ம ஆளுங்க கூடுற சிராங்கூன் ரோட்டுக் கூட்டம் அத்தனையும் பூங்காவுலதான். ஒரு அம்மாவோட பிள்ளையை அப்பத்தான் ஒரு விரல்கடைக்காகத் திருப்பி அனுப்பியிருந்தேன். அடுத்து வசந்தா வந்து நின்னா. தூண் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. அவ முகத்தைப் பார்த்தேன். தூண்ல நிறுத்தலை. நானே தூக்கி ஏரோப்ளேன்ல உட்கார வெச்சு, நானே கம்பியை மாட்டினேன்.

குட்டையா இருந்தது ஒரு தப்பு. பட்டுப் பாவாடை இன்னொரு தப்பு. பெயின்ட் அடிச்ச தகரத்துல பட்டு நிக்கவே நிக்காதுங்க, அது எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. மூணாவது சுத்துல வழுக்கி, கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வெளிய தொங்கினா. “அப்பா”ன்னு கத்தினது இன்னும் காதுல இருக்கு. ஹாசான் பிரேக்கை இழுத்த இழுப்புல புகையே வந்துடுச்சு. தரைக்கு இடுப்பளவு இருக்கும்போது கை விட்டுப் போச்சு. தாடை படியில அடிச்சு, பாவாடையெல்லாம் ரத்தம். நான் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். நான் திருப்பி அனுப்பின அந்த அம்மா அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. தன் பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரும்பி நடந்துட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

தவுக்கே வந்து, யார் ஏத்தினதுன்னு கேட்டார். ஹாசான் தரையைப் பார்த்தார். “நான்தான் தவுக்கே, என் பொண்ணு”ன்னேன். அவர் கோபப்படலை. முதல்ல டாக்டர்கிட்டப் போன்னு டாக்சி பிடிச்சுக் கொடுத்தார். கதவைச் சாத்தும்போது, மத்ததை ஹாசான் சொல்வான்னு மட்டும் சொன்னார். அது என்னன்னு எனக்கே தெரியும். அவர் மேல எனக்கு இன்னைக்கும் வருத்தம் இல்லை. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

டிஸ்பென்சரியில ரெண்டு தையல் போட்டாங்க. பிள்ளை அழலை. தையல் போட்டு முடிச்சதும், பஞ்சு ஒட்டின தாடையோட என் முகத்தையே பார்த்துக் கேட்டா: “நான் வளர்ந்துட்டேன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?”

அடுத்த மாசம் ஒரு அரிசிக் கிடங்குல மூட்டை எடை போடுற வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். எந்த மூட்டையும் என்னை அப்பான்னு கூப்பிடாததால ஓய்வு பெறுற வரைக்கும் ஒரு எடையும் தப்பலை.