வினோலியா ஊரில் இல்லாத ஒரு வாரம்

புதுச்சத்திரம் அங்கன்வாடியில் சித்ரா பதினெட்டு ஆண்டாக வேலை செய்கிறார். படித்தது பத்தாம் வகுப்பு. மீதியைப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்.

அங்கே வரும் கவின் மற்றப் பிள்ளைகளைப் போல இல்லை என்று கண்டுகொள்ள அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பொம்மை லாரியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பான்; கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மூன்று வயதிலேயே ஆட்டிசம் என்று உறுதியாகி, நாமக்கல்லுக்குப் பயிற்சிக்குப் போய்வருகிறான்.

சௌந்தர்யா அப்படியில்லை. பேசுவாள், சிரிப்பாள், சொப்பு வைத்துச் சமைப்பாள். "சௌந்தர்யா மாதிரி உக்காருங்க சாமி" என்று மற்றவர்களுக்கு அவளைத்தான் காட்டுவார் சித்ரா.

ஆவணியில், அவள் பக்கத்தில் உட்காரும் வினோலியா குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போனாள். அந்த வாரம் சௌந்தர்யா தட்டில் வைத்த முட்டையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு வாய் அசையவில்லை. சொப்புகளை வரிசையாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

வினோலியா திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் சித்ராவை உறுத்தியது. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். வினோலியா கைதட்டிய பிறகே சௌந்தர்யா தட்டினாள். அவள் சிரித்த பிறகே சிரித்தாள். வினோலியா மூக்கைத் துடைத்தால், சளியே இல்லாத இவளும் துடைத்தாள். பதினொரு நாள் நேரம் போட்டு எழுதினார். அடுத்த ஜூனில் சௌந்தர்யா ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள். அங்கே நல்ல பிள்ளை என்று விட்டுவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நாமக்கல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டலாம் என்று சித்ரா சொன்னதும், கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் சௌந்தர்யாவின் அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"கவினோட எம் புள்ளையச் சேக்கறீங்களா டீச்சர்? கண்ணப் பாத்துப் பேசறாளுங்க."

சித்ரா வாதாடவில்லை. ஊட்டுக்கு வந்தா எப்படி இருக்கறாளுங்க என்று மட்டும் கேட்டார். அம்மா சொன்னார்: வந்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுவாளாம். அடம் என்று அடித்ததும் உண்டாம்.

"அடமில்லைங்க. நாளெல்லாம் இன்னொருத்தியப் பாத்தே நடந்துக்கறா. அலுத்துப் போயிருதுங்க."

அம்மா அவளை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனார். அங்கே மருத்துவர் சித்ராவின் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். மூன்று முறை வரச்சொல்லிப் பார்த்தபின் ஆட்டிசம்தான் என்றார். பெண் பிள்ளைகள் பலர் இப்படிப் பார்த்துச் செய்து மறைத்துக்கொள்வதால்தான் பிந்தித் தெரிகிறது என்றும் சொன்னார்.

சித்ரா இப்போது யாரையும் யார் மாதிரியும் உட்காரச் சொல்வதில்லை. சௌந்தர்யா வீட்டுக் கட்டிலுக்கடியில் அம்மா ஒரு தலையணை போட்டு வைத்திருக்கிறார்.