அண்ணனின் வேட்டிகளில் சுற்றிய சதுரங்க நூல்கள்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் கடமை உடன்பிறந்தவன் என்ற முறையில் எனக்கு வந்தது.

விளாத்திகுளத்தை அடுத்த கரிசல் கிராமத்தில் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பை நிறுத்திவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, கப்பல் ஏஜென்சி ஒன்றில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

சரக்குக் கப்பல் மாலுமிகளோடு சதுரங்கம் ஆடி, அவர்களிடமிருந்த பழைய ஆட்ட நூல்களைக் கேட்டு வாங்குவார். நூறாண்டுக்கு முந்தையவையும் அவற்றில் இருந்தன. ருஷ்ய மொழியோ ஜெர்மனோ அவருக்குத் தெரியாது. நூலில் பதிவான பழைய ஆட்டங்களை, குறியீடுகளை வைத்தே பலகையில் ஆடிப் பார்ப்பார். "செத்துப்போன ரெண்டு பேரு ஆட்டம்லே தம்பி. காய நவத்துனா உயிர் வந்திருது, பாத்தியா?" என்பார்.

கடற்காற்றின் ஈரம் தாளை விடாது. ஞாயிறுதோறும் நூல்களை நிழலில் விரித்து, காய்ந்த வேப்பிலை வைத்து, தம் வேட்டிகளில் சுற்றிக் கட்டிலடியில் அடுக்குவார். கஞ்சிக்குப் பூச்சி வரும் என்று வீட்டில் வேட்டிக்குக் கஞ்சி போடுவதையே நிறுத்திவிட்டார்.

"உங்க அண்ணன் உடுத்துதது கிழிசல், புஸ்தகத்துக்கு நல்ல வேட்டி! நல்லாருக்குலா?" என்பார் மதினி.

"எனக்கு வேர்க்கும் ஏளா, அதுக்கு வேர்க்குமா?" என்பார் அண்ணன்.

இரவலாக ஒன்றிரண்டு கொடுப்பார். அவை திரும்பி வரும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது.

நெஞ்சு நோயில் படுத்தபின் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பழைய பேப்பர் கடைக்கு மட்டும் போட்டுறாதலே. ஆடத் தெரிஞ்சவன் எவனாவது வருவான், அவன்ட்ட கொடு." சரி என்றேன்.

இறந்தவரின் பாய், தலையணை, உடுத்திய துணிகளைக் கடலில் விடுவது எங்கள் வழக்கம். நாங்கள் சுடுகாட்டில் இருந்தபோது வீட்டிலிருந்த உறவினர்கள் அதை முறையாகச் செய்து முடித்திருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தேன், கட்டிலடி வெறுமையாக இருந்தது.

"எல்லாம் அவரு கட்டுன வேட்டின்னுதான் மாப்ளே எடுத்தோம். அவுத்துப் பாக்கக் கூடாதுல்லா?" என்றார் காரியத்தை முன்நின்று செய்த அத்தான். உள்ளே இருந்தவை நூல்கள் என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுவும் அவுக கூடவே போயிட்டு தம்பி," என்றார் மதினி.

அண்ணனுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்த துறைமுக நண்பர்களுக்கும், அன்று வீட்டில் காரியம் பார்த்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அத்தான் மனம் வருந்த வேண்டாம். அவர் செய்ததும் அண்ணனுக்கான கடமைதான்.

அண்ணனிடம் நூல் இரவல் வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், திருப்பித் தர வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும். ஞாயிறுதோறும் நிழலில் விரித்து வையுங்கள். சுற்றி வைக்க மட்டும், நீங்கள் உடுத்தாத துணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.