சேனை வைத்த விரல்

கைராசி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வந்துவிடும். பொதுவாகவே எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தை அடம்பிடித்தால், "இதுக்கு யாரு சேனை வச்சது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர்களின் குணம் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். எனக்கு வைத்தது என் அத்தை. ஊரில் அவளோடு சண்டை போடாதவர்கள் இன்னும் பேச்சு வராத குழந்தைகள் மட்டும்தான்.

இரண்டாயிரமாம் வருஷம் பிறக்கச் சற்று முன்னால், ஜெயங்கொண்டம் போகிற வழியில் முந்திரிக்காட்டை ஒட்டி இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. அங்கே பிரசவ வார்டுக்கு ஒரு நர்ஸ் இருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வரதராசன்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் இளம் வயதிலேயே போய்விட்டார், பிள்ளை இல்லை. அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. வலியில் கத்துகிற பெண் கையைக் கடித்தால்கூட, "கடிச்சுக்கடா கண்ணு, இன்னும் கொஞ்சந்தான்" என்பார்.

அப்படிப்பட்டவரை ஊர் விடுமா? சேனை வைக்க அக்காவின் விரல்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் வாழ்க்கைப்பட்ட பெண்கள்கூடத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தால் எங்கள் ஆஸ்பத்திரியைத்தான் கேட்பார்கள். காகிதத்தில் மடித்த சர்க்கரையோடு கதவோரம் காத்திருப்பார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பேதம் இதில் இருக்கவில்லை. சிலர் தேன் கொண்டுவருவார்கள். அக்கா சிரித்துக்கொண்டே வருவார், விரலை நனைப்பார், குழந்தை சப்புக்கொட்டும். பிள்ளை இல்லாத ஒருத்தர் முகத்தில் அப்போது வருகிற வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் தடுக்க மனம் வந்திருக்காது.

ஒரு ஐப்பசியில் குழந்தைகள் சுணங்க ஆரம்பித்தன. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வாயைத் திறக்காது. உடம்பு சில்லிட்டுப்போகும். வழக்கமாகப் போடுகிற ஊசியைப் போட்டார்கள். முன்பெல்லாம் கேட்ட ஊசி அது. இப்போது கேட்கவில்லை. ஒரு குழந்தை போனது; கொஞ்ச நாளில் இன்னொன்று; பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அக்காதான் துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு என் லேப்பில் வந்து ஸ்டூலில் உட்காருவார். நான் டீ வாங்கி வைப்பேன். அது ஆறிப்போகும்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். வந்ததும் வார்டு நோட்டைக் கேட்கவில்லை, குழந்தைகளைக்கூடப் பார்க்கவில்லை. "கை கழுவுற எடத்தக் காட்டுங்க" என்றார். வார்டுக்கு வெளியே ஒரே ஒரு குழாய். தேய்ந்துபோன சோப்புத் துண்டு. ஆணியில் கை துடைக்கிற துண்டு ஒன்று தொங்கியது. டாக்டரம்மா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல யாரெல்லாம் கை தொடைப்பீங்க?"

"எல்லாருந்தாங்க" என்றாள் ஆயா, வெள்ளந்தியாக.

மறுநாள் பஞ்சு சுற்றிய குச்சியால் எல்லார் உள்ளங்கையையும் தடவி எடுக்கிற வேலை என்னிடம் வந்தது. எங்கள் டாக்டர், ஆயா, நான், குழாய், துண்டு, தொப்புள்கொடி வெட்டுகிற கத்தரி வைக்கும் தட்டு, எதையும் விடவில்லை. அக்கா கையை நீட்டியபோது சிரித்தார். "என்னடி, கைரேகை பாக்கறியா? நல்ல காலம் வருதான்னு சொல்லு." நானும் சிரித்தேன். குச்சிகளைப் போட்டு ஐஸ் வைத்த பிளாஸ்கை மடியில் இடுக்கிக்கொண்டு, பரிசோதனைக்குத் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர், "என்னம்மா, பால்ஐஸா? ஊருக்கே குடுப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முடிவு வந்தது. துண்டில் இருந்தது, குழாயில் இருந்தது, டாக்டர் கையில், ஆயா கையில், என் கையில், அக்கா கையில் இருந்தது. எல்லாம் ஒரே கிருமி. நாங்கள் போட்டுக்கொண்டிருந்த எந்த மருந்துக்கும் அது சாகவில்லை. எப்படிச் சாகும்? தும்மினால் ஊசி, முள் குத்தினால் ஊசி, ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்று பழக்கி வைத்திருந்தோம். மாத்திரையை மருந்துக்கடையில் உதிரியாக வாங்கி, காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை மாடத்தில் போட்டுவைக்கிற ஊர். கிருமிக்கு நம் மருந்தெல்லாம் பழகிய சாப்பாடு ஆகிவிட்டது. அதை அடக்குகிற மருந்து திருச்சியில்தான் கிடைத்தது. அதற்குள் இன்னொரு குழந்தையும் போய்விட்டது.

டாக்டரம்மா எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். "இதுல யாரையும் குத்தம் சொல்லப் போறதில்ல. ஒரு கையில இருந்தா அத்தன கையிலயும் இருக்கும். தனியா யாரு பேரும் வெளிய போகக் கூடாது." துண்டை அன்றே எரித்தோம். மூடிபோட்ட வாளிக்குக் குழாய் வைத்தோம். ஒவ்வொரு குழந்தையைத் தொடும் முன்னும் சோப்பு, கழுவிய கையைத் துடைக்காமல் காயவிட வேண்டும், தேவையில்லாமல் ஊசி கிடையாது. கடைசியாக, சேனை கூடாது, தாய்ப்பால் மட்டும்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அறிவிப்பை என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதி வார்டில் ஒட்டினேன்.

பேர் வெளியே போனது. யார் சொன்னார்கள் என்று நான் துருவித் துருவிக் கேட்டும் தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் டீக்கடை வரைக்கும் ஒரே பேச்சு, "சேனை வச்ச கையிலதான் கிருமியாம்." டாக்டர் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. என் கையைப் பற்றியும் பேசவில்லை. ஆணியில் தொங்கிய துண்டு தப்பித்துக்கொண்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில், குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் தா.பழூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். நெல் விவசாயி. வார்டு வாசலில் அக்கா எதிரே போய் நின்றார். ஏதாவது ஏசினால் விடுவதில்லை என்று நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"அன்னிக்கு நீங்க வேல முடிஞ்சு பஸ்ஸுக்குப் போயிட்டீங்க" என்றார் அவர். "நான்தாங்க பின்னாடியே ஓடியாந்து கூப்புட்டேன். நேரமாச்சு, நாளைக்கு வைக்கிறேன்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல. கெஞ்சி இழுத்தாந்தேன்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு நின்றார். அவர் போன பிறகு அக்கா நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

அதன் பிறகு வார்டில் குழந்தைகள் சாகவில்லை. அது நிஜம். டாக்டரம்மா செய்த வேலை பலித்தது, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அக்கா மருந்து ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். சோப்புத் தண்ணீரிலேயே ஊறி அவர் விரல்கள் வெடித்திருந்தன. ஒரு நாள் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, என் கையிலயுந்தான் இருந்துச்சு."

"உன் வெரல யாரும் தேடி வரலியேம்மா" என்றார்.

அடுத்த வருஷம் அதே வார்டில் எனக்கு மகன் பிறந்தான். நான் எழுதிய அறிவிப்புக்குக் கீழேதான் என் கட்டில். அத்தை சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்து, அறிவிப்பைப் பார்த்து, "எந்தப் படிச்ச கழுத எழுதுனது இது?" என்று கத்தினாள். "நான்தான்" என்றேன். சேனை வைக்க விடவில்லை. அத்தை கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் அக்கா வந்தார். வாசலில் வாளிக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. பிறகு முழங்கை வரை நனைந்த இரண்டு கைகளையும் முன்னால் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். துடைக்கவில்லை. கட்டிலருகே அப்படியே நின்றார்.

"தூக்குங்கக்கா" என்றேன்.

"இரு, காயட்டும்."

கை காய்ந்தது. எனக்கே அது தெரிந்தது. பையன் சிணுங்கினான். அக்காவின் கைகள் அவனை நோக்கிப் பாதி தூரம் வந்தன. தூக்குங்க, தூக்கிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். கைகள் நின்றன. பிறகு முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"நீயே தூக்கிக்க. நான் பாத்துக்கறேன்."

நான் தூக்கினேன். அவர் குனிந்து, மூச்சுக்காற்றுகூடப் படாத தூரத்தில் நின்று, அவனைப் பார்த்தார். "நல்லாருக்கான். ஒன்ன மாதிரியே கோவக்காரன்" என்றார். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வாசலில் மறுபடியும் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் எதையுமே தொட்டிருக்கவில்லை.