பீச் ரோட்டு மாடி வீடு

வீட்டுத் தரகன் என்றால் அடுத்தவர் குடியேறப்போகும் வீட்டை வாய் நிறையப் புகழ வேண்டும், வயிறு எரிவதை வெளியே காட்டக் கூடாது. தூத்துக்குடியில் வீடு கேட்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்ற பதிலோடு திரும்பியவர்களே, உங்களில் நானும் ஒருவன்.

என் ஸ்கோர்

தங்கச்சி மாப்பிள்ளை மீன்பிடி வள்ளம் வாங்கக் கடன் எடுத்தான். ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். அவன் தவணை கட்டவில்லை, என் கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்து கவிழ்ந்தது. இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டை மகன் கல்யாணத்துக்காக உரிமையாளர் திருப்பிக் கேட்கிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

பீச் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. கடலைப் பார்த்த பால்கனி. என் மனைவி ஜெனிட்டா பார்த்த அன்றே கட்டில் எங்கே போடுவது என்று முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். சாதி, மதம் எதுவும் கேட்க மாட்டார், போனில் ஸ்கோரைக் காட்டச் சொல்வார். காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, நீங்க நல்ல ஆளுதான். வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

கப்பல் இன்ஜினியர்

நான் முதலில் கூட்டிப்போன பையன். அவன் ஸ்கோரைப் பார்த்ததும் மேனேஜர் காபி போட உள்ளே போனார். எனக்கு அதுவரை தண்ணீர்கூடத் தந்ததில்லை. பொறாமையில் காது சூடாகிவிட்டது. அவர் வருவதற்குள், குழாயில் உப்புத் தண்ணீர், பால்கனியில் துறைமுகத்துக் கரித்தூள் என்று பையன் காதில் போட்டேன். பாதி உண்மைதான். பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உண்மையச் சொல்லுத புரோக்கர இப்பதான் பாக்கேன் அண்ணாச்சி."

டீச்சர்

திருச்செந்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். பக்கத்து வீட்டு நாய் கடிக்கும் என்றேன். நாய் என்றால் உயிர் என்றார். மழைக்கு ஒழுகும் என்றேன். கூரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஒழுகுத வீட்டுச் சாவிய ஏண்ணே இடுப்புலயே சொருகிக்கிட்டு அலையுதீங்க?"

சாவி கேட்ட அன்று

மேனேஜரே போன் செய்து சாவியைக் கொண்டுவரச் சொன்னார். வாசலில் தொங்கிய டு-லெட் போர்டைப் பார்த்து யாரோ நேராகவே வந்துவிட்டார்களாம். போனால், என் தங்கச்சி பிரின்சியும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். அவள் நர்ஸ். வாடகை ஒப்பந்தம் அவள் பேரில், ஸ்கோரும் அவளுடையது, பளிச்சென்று இருந்தது. "இப்படி நாணயமான குடும்பத்த நீங்க கூட்டிட்டு வரலையே தம்பி" என்று மேனேஜர் குறைபட்டுக்கொண்டார். கூடப் பிறந்தவள் மேல் பொறாமை வரக் கூடாதுதான். வந்தது. சாவியை நீட்டினேன். மாப்பிள்ளை எழுந்து நின்று, மரியாதையாகத்தான் வாங்கினான்.

"மச்சான், வீடு கிடைக்கிற வரைக்கும் ஒங்க சாமானயெல்லாம் எங்க மொட்ட மாடியில போட்டுக்கிடுங்க."

ஊரில் யார் வீட்டில் பால் காய்ச்சினாலும் முதல் தம்ளர் எனக்குத்தான் வருகிறது, தொழிலில் அந்த மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.