முப்பத்தொரு மக்கா

எங்கள் அம்மா ஒரே நாளில் முப்பத்தொரு பேரை மக்கா என்று அழைத்தாள். எண்ணியவன் நான். காலை ஐந்தே முக்காலுக்குப் பால் கறக்க வந்தவரில் தொடங்கி, விளக்கு வைக்கும் நேரத்தில் வேலி நுழைந்து வந்த பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி வரை முப்பத்தொன்று. ஆட்டுக்குட்டியைக் கணக்கில் கொள்ளலாமா என்று அப்போதே யோசித்தேன். அழைத்தது அழைத்ததுதானே என்று சேர்த்துக்கொண்டேன். எனக்கு அப்போது வயது ஒன்பது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாறசாலையிலிருந்து விளவங்கோடு வரைக்கும் மக்கா என்பது பிள்ளையையும் அழைக்கும் சொல், பிள்ளை அல்லாதவரையும் அழைக்கும் சொல். வழி கேட்பவனும் மக்கா, வழி சொல்பவனும் மக்கா. இது எந்த அகராதியிலும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

எங்கள் வீடு உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே ஒன்றரை மைல். வீட்டுக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு இடவழி, எட்டு வைத்து எண்ணினால் இருநூற்றுப் பத்து. ஆஸ்பத்திரியில் கட்டில் எட்டு, டாக்டர் ஒருவர். அவர் வெள்ளைக்காரர்; ஊருக்கு அவர் சாயிப்பு, அவர் மனைவி மதாம்மா. கடல் கடந்து ஊழியம் செய்ய வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. எங்கள் பக்கத்தில் அவர்கள் இருந்தது மூன்று வருடமும் இரண்டு மாதமும்.

மதாம்மா ஏதோ ஒரு மலை ஊரில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்திருந்தாள். புத்தகத் தமிழ். சாயா என்றால் அவளுக்குப் புரியாது, தேநீர் என்றால் எங்களுக்குப் புரியாது. வெள்ளைக்காரியிடம் தமிழ் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைத்தவர்கள் மலையாளத்தில் பதில் சொன்னார்கள். அவள் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தபடி நிற்பாள். அந்தச் சிரிப்பைத் தவிர அவளிடம் ஊரில் யாருக்கும் எந்தப் பழக்கமும் இல்லை. முதல் வருடம் முழுவதும் ஞாயிறுதோறும் பிரார்த்தனை முடிந்ததும் எல்லாரும் அவளைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவளும் சாயிப்பும் இரண்டு பேராக பங்களாவுக்கு நடப்பார்கள். எங்கள் பலாமரத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். அப்பா நெய்யாற்றின்கரை கோர்ட்டில் குமாஸ்தா. ஒரு நாள் சாயிப்பிடம் வயிற்றுவலிக்கு மருந்து வாங்கப் போன அப்பா ஒரு செய்தியுடன் வந்தார். மதாம்மாவின் தாய் இறந்துபோனாராம். அடக்கம் முடிந்து இருபத்திரண்டு நாள் கழித்துத்தான் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது.

சாவு வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் கஞ்சி கொடுக்க வேண்டும். அம்மா உடனே அரிசியைக் களைந்தாள். வெள்ளைக்காரர்களுக்கு இந்த வழக்கமெல்லாம் உண்டா என்று அப்பா கேட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் செத்தாலும் சாவு சாவுதானே என்றாள் அம்மா. கஞ்சிப்பானையை அவள் எடுத்துக்கொண்டாள். பயறும் சம்மந்தித் துவையலும் இருந்த தூக்கை ஒரு கையிலும், கஞ்சி கோரிக் குடிக்க எங்கள் பலாமரத்தில் பறித்துக் கரண்டிபோல் கோட்டிய பிலாவிலை ஆறை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

மதாம்மா மேசைமுன் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எதிரில் கடிதம். அம்மா யாரையும் கேட்காமல் பானையைத் தரையில் வைத்தாள், தானும் உட்கார்ந்தாள், அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"இங்க இரி மக்கா. ரெண்டு வாய் குடி. நான் உண்டு இல்லியா."

மதாம்மா தரையில் உட்கார்ந்து குடித்தாள். பிலாவிலையைப் பிடிக்கத் தெரியாமல் பாதிக் கஞ்சி மடியில் சிந்தியது. பிறகுதான் அழுதாள். நான்கு இலைகள் மிச்சம் இருந்தன. அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு மதாம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் அம்மாவை அம்மா என்று அழைத்தாள். அம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு, அவளுக்கு இருபத்தெட்டு. அப்பாவின் அக்கா, என் அத்தை, அன்று வீட்டில் இருந்தாள். மதாம்மா போன பிறகு ஒரு வாரத்துக்கு வேண்டிய சிரிப்பை அவள் அப்போதே சிரித்து முடித்தாள்.

"எட்டி, எட்டு வயசிலயாக்கும் நீ இவள பெத்தது?"

"பெத்தா என்ன, பெறாட்டி என்ன," என்றாள் அம்மா. "தள்ள செத்துப்போன பிள்ள. நாலு வாட்டி அம்மாண்ணு விளிச்சிட்டுப் போட்டு."

நாலு வாட்டியோடு நிற்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வந்தாள். அடுக்களையில் தரையில் உட்கார்ந்து பயறு ஒடித்தாள், தேங்காய் துருவக் கற்றுக்கொண்டு விரலைக் கிழித்துக்கொண்டாள். அவளுடைய செம்பட்டை முடியில் அம்மா எண்ணெய் வைத்து, வெள்ளைக்காரிக்குப் பேன் உண்டா என்று அத்தைக்காகத் தேடிப் பார்த்தாள். உண்டு. சாயிப்பு மெலிந்து போவதற்கு அம்மா மதாம்மாவை வைதாள். ஊரில் அவளை வைத ஒரே ஆள் அம்மாதான். வசவு வாங்கிய அன்றைக்கெல்லாம் அவள் இடவழியில் பாடிக்கொண்டு போவாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஒரே பிள்ளை நான். அடுக்களையில் நான் உட்காரும் பலகை செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவளுக்குப் போயிற்று. முந்திரிக்கொத்து செய்தால் அவளுக்கு நான்கு, எனக்கு மூன்று. அது தவறிப்போய் நடந்ததாக இருக்கலாம் என்று இரண்டு முறை பொறுத்தேன். மூன்றாம் முறையும் நான்கு, மூன்று. அந்த வருடம் ஓணத்துக்கு வீட்டில் மூன்று பேருக்கு எடுக்கும் கோடித்துணி ஐந்து பேருக்கு எடுக்கப்பட்டது. எனக்குச் சொல்லியிருந்த இரண்டு சட்டை ஒன்றானது. சாயிப்பு கசவு வேட்டியை இடுப்பில் தோல்பட்டை போட்டு இறுக்கிக்கொண்டு வந்தார். மதாம்மா புடவைத் தலைப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஓணம் கழிந்த வியாழக்கிழமை மதாம்மா என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டாள். மேசையில் ஒரு பெரிய பைபிள் திறந்திருந்தது. அதன் முன்பக்கத்தில் கோடு போட்டு, பல கைகளில் பல மையில் பெயர்கள் எழுதியிருந்தன. அது அவள் குடும்பத்தின் பக்கம் என்றும், பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் அதில்தான் எழுதுவார்கள் என்றும் சொன்னாள். பதினேழு பெயர்கள். கடைசிப் பெயர் அவளுடைய தாயின் பெயர். பக்கத்தில் அவர் இறந்த தேதி. அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"உன் அம்மாவின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது?"

எதற்கு என்று கேட்டேன்.

"அவர்கள் என்னை மக்கா என்று அழைத்தார்கள். என் பிள்ளையே என்று பொருள். முன்ஷிக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அம்ம எல்லாரையும் அப்படியாக்கும் விளிக்கும். மீன்காரியையும் விளிக்கும்."

அவளும் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். என் சொல்லை நம்பாதவர்களை எனக்கு இன்றுவரை பிடிக்காது. கணக்கு எழுதிக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறை. நோட்டில் தாள் கிழித்து, வரிசை எண், நேரம், ஆள் என்று மூன்று கட்டம் போட்டேன். அம்மா போன இடமெல்லாம் போனேன். பால்காரர், மீன்காரி, கிணற்றடியில் மூன்று பிள்ளைகள், தென்னை ஏற வந்தவர், குடை பழுது பார்ப்பவர், தபால்காரர். மீன்காரியை மூன்று தடவை அழைத்தாள். ஆள் கணக்கு என்பதால் ஒன்றாகவே எழுதினேன். கூட்டிக் காட்டும் புத்தி எனக்குக் கிடையாது. நான்கு மணிக்கு மதாம்மா வந்தாள். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "வந்தியா மக்கா, பலகைய எடுத்துப் போட்டு இரி" என்றாள். எழுதினேன்: இருபத்தாறு, மணி நான்கு ஐந்து, மதாம்மா.

சனிக்கிழமை தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரல் வைத்து முதலிலிருந்து படித்தாள். தெரியாத எழுத்து வந்தால் நின்று, கூட்டி, மேலே போனாள். ஆட்டுக்குட்டிவரை படித்துவிட்டு விரலை மேலே கொண்டுவந்து இருபத்தாறில் வைத்தாள். முகத்தில் அப்போதும் சிரிப்பு இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு மறுபடியும் ஒருமுறை மேலிருந்து கீழே தேடினாள்.

"உன் பெயர் எங்கே? இதில் இல்லையே."

"நான் மகன் இல்லியா," என்றேன். "என்ன எதுக்கு எண்ணணும்?"

அவள் தலையசைத்தாள். தாளை இரண்டாக, நான்காக மடித்தாள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றாள். பேனாவை மூடினாள், பைபிளை மூடினாள், டப்பாவிலிருந்து பிஸ்கட் இரண்டு எடுத்துத் தந்தாள். அம்மாவின் பெயரை அவள் திரும்பக் கேட்கவில்லை. கணக்கில் ஜெயித்த சந்தோஷத்தில் இரண்டு பிஸ்கட்டையும் இடவழியிலேயே தின்றேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. அம்மா சாயாவைப் போட்டு மூடி வைத்து, ஆறின பிறகு தானே குடித்தாள். என்னை அனுப்பிக் கேட்டாள். தலைவலி என்று பதில் வந்தது. நான்கு செவ்வாய் பார்த்துவிட்டு, ஐந்தாவது செவ்வாய்க்கு அம்மாவே புடவை மாற்றிக்கொண்டு போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து அடுக்களையில் சும்மா நின்றாள். என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார்.

"அவ எனக்கு நாற்காலி போட்டா," என்றாள் அம்மா.

"மரியாதைக்குப் போட்டிருப்பா."

"அதயாக்கும் நான் சொல்லுதேன்."

வாருங்கள், அமருங்கள், தேநீர் அருந்துகிறீர்களா என்றெல்லாம் கேட்டாளாம். எல்லாம் சரியாகத்தான் கேட்டாளாம். அம்மா என்று மட்டும் ஒரு தடவையும் சொல்லவில்லையாம். நான் என்ன தப்பு செய்தேன் என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள், அத்தையிடம் கேட்டாள். பேன் பார்த்தது பிடிக்கவில்லையோ, சாயிப்புக்கு வேட்டி எடுத்தது அவர்கள் மதத்துக்கு ஆகாதோ என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. பலகை எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவர்கள் இருந்தார்கள். இருநூற்றுப் பத்து எட்டு தூரத்தில் இருந்தார்கள். பிறகு அவர்களுடைய சபை வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டது. புறப்பட்ட அன்று ஆஸ்பத்திரி முற்றம் நிறைய ஆள். மதாம்மா ஒவ்வொருவராகக் கைபிடித்து விடைபெற்றாள். அம்மா கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தாள். அம்மாவின் கையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்தாள், கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, முழுங்கி, "போயிட்டு வாருங்க" என்றாள். அம்மா அவளை வாருங்க என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கார் உதியன்குளங்கரை ரோட்டில் ஏறுவதற்குள் அம்மா வீட்டுக்குத் திரும்பினாள். எதிரே மீன்காரி வந்தாள். "இண்ணைக்கு என்ன மீன் மக்கா?" என்று அம்மா கேட்டாள். ஒன்று என்று என் மனம் தானாக எண்ணியது.

அம்மா இறக்கும்போது எனக்கு நாற்பத்தொன்று. அந்த முப்பத்திரண்டு வருடத்தில் மதாம்மாவின் பேச்சு எங்கள் வீட்டில் எத்தனையோ முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா, என்ன கோபமோ அந்தப் பிள்ளைக்கு என்பாள். நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இப்போது இந்த வீட்டில் நான் ஒருவன். மனைவி போய் ஆறு வருடம். மகனும் மருமகளும் இங்கிலாந்தில், அவள் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மகன் போனில் பேசுவான், பத்து நிமிடம், சில வாரம் பதினொன்று. சென்ற மாதம் வழக்கத்தைவிட உற்சாகமாகப் பேசினான். பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறாராம். இவர்களைத் தன் வீட்டு மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறாராம். மருமகளை 'மை லவ்' என்றுதான் கூப்பிடுகிறாராம்.

"சொந்தப் பிள்ளையளப் போலயாக்கும், அப்பா, எங்கள பாக்குது," என்றான். அவன் குரல் அப்படி இருந்து நான் கேட்டு வெகுநாளாயிற்று.

அந்த ஊரில் கடைக்காரர்களும் பஸ் ஓட்டுபவர்களும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நான் படித்திருக்கிறேன். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நல்லது மக்கா, அவங்கள விட்டிராதீங்க என்று சொல்லி போனை வைத்தேன்.

வைத்த பிறகு ஒரு தாள் எடுத்து, நினைவில் இருந்தவரை அந்தப் பழைய பட்டியலை எழுதிப் பார்த்தேன். இருபத்தெட்டு பேர் வந்தார்கள். மூன்று பேரை மறந்துவிட்டேன். அன்று காலை பால்காரர் வருவதற்கும் முன்னால் அம்மா என் பாயருகில் வந்து காலைத் தட்டி, எழும்பு மக்கா, நேரம் வெளுத்தாச்சு என்றாள். அது மட்டும் மறக்கவில்லை. எழுந்து, கையில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, அதை எழுதாமல், அன்று பால்காரரை ஒன்று என்று போட்டு ஆரம்பித்தேன்.

கணக்கு தப்பு. முப்பத்திரண்டு.